பக்கத்து சீட்டில் துப்பட்டா

தனியாகத்தான் படத்துக்குப் போனேன் அம்மா. ஆனால் இரண்டு சீட்டு பிடித்தேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? எனக்குக் குறை ஒன்றும் இல்லை. டெல்லிக் குளிர்கூடப் பழகிவிட்டது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் போட்ட படம். தொடங்கும்போது ஒருவர் என் பக்கத்து சீட்டைக் காட்டி, ஆள் உண்டா என்று இந்தியில் கேட்டார். திருச்சுழி பஸ்ஸில் நீ ஜன்னல் வழியாகத் துண்டு போடுவாயே, அதுபோல அதில் என் துப்பட்டாவைப் போட்டிருந்தேன். "ஆளு வாராக" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே பின்னால் போய்விட்டார். ஆள் வரவில்லை.

அறைத்தோழி பிருந்தாவுக்காகப் போட்டது அது. போன வாரம் அவளிடம், "ஊருக்கே போயிரவா?" என்று சும்மா கேட்டேன். "போயேன்டி, தெனமும் இதே பாட்டு" என்றாள். மறுநாளே அடுத்த அறைக்கு மாறிவிட்டாள். அதோடு பேச்சில்லை. ஆனாலும் படத்துக்கு வருவாள் என்றிருந்தேன்.

படத்தில் இரண்டு பெண்கள் ரயிலில் போகிறார்கள். ஒருத்தி தான் விரும்பியவனைத் தேடிப் போகிறாள். மற்றவள் தன்னவனை மறக்கப் போகிறாள். இரண்டு பேர் நினைப்பிலும் ஒரே ஆள்தான் என்பது பேசப் பேசத் தெரிகிறது. சண்டை வரும் என்று நினைத்தேன். மறக்க வந்தவள் சீட்டில் இருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவளுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

காராச்சேவு அனுப்பினால் இரண்டு பொட்டலமாகக் கட்டு அம்மா. தபால் எடுக்கும் நேரமாகிறது.

உன் நாகஜோதி

கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு, பிருந்தாவின் அறைக் கதவைத் தட்டினேன்.