கடைசிப் பக்கத்தில் இரண்டு வேலைகள்

என் செல்ல யசோவுக்கு,

நீ கண்ணை மூடிய நாலாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, உன் பெங்களூர் ஆபீசிலிருந்து மஞ்சுநாத் வந்தார். உன் பக்கத்து நாற்காலிக்காரர். கையில் ஒரு கத்தைக் காகிதம்.

நீ எழுதிய புரோகிராமுக்கு நடுநடுவே, அடுத்தவர் புரிந்துகொள்ளக் குறிப்புகள் எழுதுவாயாமே. அவற்றை மட்டும் ஒரு மென்பொருள் உருவியெடுத்துக் கையேடாக அடுக்கிவிடுகிறது. 'பாக்கி' என்று தொடங்கும் வரிகள் கடைசிப் பக்கத்தில் சேர்ந்துவிடும். அந்தப் பக்கம் காலியானால்தான் கையேடு வெளியே போகுமாம்.

"பதினொண்ணு இருந்துச்சு அண்ணா. ஒம்போது முடிச்சிட்டோம். மிச்சம் ரெண்டும் உங்க வீட்டு வேலை."

வாங்கிப் படித்தேன்.

'பாக்கி: அண்ணனுக்குக் கண்ணாடி மாத்தணும். ரசத்துல மஞ்சப்பொடியா கொட்டுது.'

'பாக்கி: அண்ணனை ஒருநாள் ஆபீசுக்கு இட்டாரணும். நான் இன்னா வேலை செய்றேன்னு காட்டணும்.'

ரயிலில் மடிக்கணினியைத் திறந்ததும் தோன்றியதையெல்லாம் அதிலேயே எழுதிவிடுவாயா? வீட்டில் காலண்டர் எதற்கு மாட்டியிருக்கிறோம்?

"இதுக்கா இம்மாந்தூரம் வந்தே? ரெண்டு வரிய அழிச்சா போவுது."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "வேலை முடியாம வரிய அழிச்சா கைய ஒடிப்பேன்னு உங்க தங்கச்சி மொதப் பக்கத்துலயே எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலேன்னா என் வேலை போயிடும். அழிச்சா கை போயிடும்."

முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். விசாரிக்காமல் ஒரு வரி எழுதியதில்லை என்று பீற்றிக்கொள்வேன். தங்கச்சி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும், "கம்ப்யூட்டர்ல இன்னாமோ பண்ணுது" என்பேன். நீ உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாய், இல்லையா?

செவ்வாயன்று கண்ணாடி மாற்றினேன். மஞ்சள்பொடி டப்பாவில் நீ பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது அன்றுதான் தெரிந்தது. வியாழன் காலை உன் ரயிலில் ஏறினேன். பெங்களூர் வரை நின்றுகொண்டே போனேன். இப்படித்தான் தினமும் போனாயா?

உன் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். உன் புரோகிராம் பார்ப்பது எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து, அதற்கு எப்படித் தெரியும், தப்பினால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே போனேன். இரண்டு மணி நேரம். "எங்க மேனேஜர்கூட இவ்ளோ கேட்டதில்ல அண்ணா" என்று மஞ்சுநாத் தண்ணீர் குடித்தார்.

பிறகு இரண்டு வரிகளையும் அழித்து, மென்பொருளை ஓடவிட்டார். கடைசிப் பக்கம் வெறுமையாக வந்தது. அவர் கை குலுக்கினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இனி யார் கேட்டாலும் முழுசாகச் சொல்வேன் யசோ. எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து தீரப்போகிறது என்று முன்னதாகவே சொல்லும் புரோகிராமை எழுதியவள் என் தங்கை என்று. திரும்பும் ரயிலிலேயே பக்கத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்துவிட்டேன். சாம்பியன் ரீப்ஸில் இறங்க வேண்டிய மனிதர், முந்தின ஸ்டேஷன் ஊரிகத்திலேயே இறங்கிவிட்டார். அவர் வீடு எதுவென்று விசாரித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை போய் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக் கண்ணாடி போட்ட
உன் அண்ணன்