வீணை விட்ட இடம்

ஜூன் 12, செவ்வாய்

நாளை அம்மாவின் முப்பத்தோராம் நாள். நினைவு மலர் இருநூறு பிரதியும் இன்று பின்னேரம்தான் கண்டியில் அச்சாகி வந்தன. அட்டையில் அம்மா வரைந்த தாமரை வடிவாக விழுந்திருக்கிறது. உள்ளே முதல் வரி, 'வீணையே அவர் வாழ்வு' என்று நான் எழுதிக் கொடுத்தது. 'வீணே அவர் வாழ்வு' என்று அச்சாகியிருக்கிறது.

கண்டது தங்கச்சிதான். "அக்கா, நீங்கள் இதைப் பார்க்கேல்லையோ?"

"அச்சுக்காரர் பிழை விட்டிட்டினம்" என்றேன். பொய். அச்சுக்குப் போகமுதல் அவர்கள் அனுப்பிய மாதிரிப் பிரதியை நானே மூன்று தரம் வாசித்துக் கையெழுத்துப் போட்டேன்.

காலையில் கடுகண்ணாவையிலிருந்து அண்ணா வந்துவிடுவார். அவர் கண்ணில் படமுதல் எல்லாவற்றிலும் அந்தச் சொல்லை வெட்டி மேலே எழுதவேண்டும். நாற்பதுதான் முடிந்திருக்கிறது.

ஐந்து பிள்ளைகளுக்கும் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் அம்மா வீணையைத் தொடுவா. சோதனைக்குப் படிக்கிற நான் அறைக்குள்ளிருந்து கத்துவேன்: "வீண் சத்தம், நிப்பாட்டுங்கோ அம்மா!" உடனே நிப்பாட்டிவிடுவா.

தங்கச்சி ஒரே பார்வையில் கண்டுவிட்டாள். நான் மூன்று தரம் வாசித்தேன். எனக்கு அது பிழையாகவே படவில்லை.