பஞ்சுருட்டான் கரை

இன்று காலை ஏழு மணிக்கு அரூர் முகாமுக்குச் சேதி வந்தது. நம் ஓடைக்கரையை வெட்டிவிட்டார்களாம். சேதி சொன்னவரின் மண்வெட்டியில் அந்தக் கரையின் புதுமண் ஒட்டியிருந்தது. அந்த வாசனைதான் என்னை உனக்கு எழுத வைக்கிறது. தையில் நீ காய்ச்சலில் போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இன்று கோபம் வந்துவிட்டது.

போன சித்திரையில் புதிதாகப் போடும் தீர்த்தமலை ரோட்டுக்கு மட்டம் பார்க்கப் போனபோது நீயும் கூட நடந்து வந்தாய். கொன்றை பூத்துத் தொங்கியது. வெட்பாலைப் பூவை முகர்ந்து பார்த்து, மல்லிகை இதனிடம் கடன் வாங்கியிருக்கும் என்றாய். கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு குறுக்கே ஓடியது. ஓடைக்கரையில் இருந்த துளைகளை நான் எலி வளை என்றேன்.

"கொஞ்சம் சும்மா நில்லுங்க," என்றாய்.

பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று தும்பியைக் கவ்விக்கொண்டு வந்து துளைக்குள் நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. மட்டம் பார்க்கும் என் தூரக்கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அதில் கண்ணை வைத்துவிட்டுச் சொன்னாய்: "ஏங்க, உங்க சர்க்காரு குருவியக்கூட தலகீழா தொங்கவுட்டிருச்சே."

அன்றே, ரோட்டுக்கு மண் எடுக்கும் இடத்தைக் குறிக்கும் முளைக்குச்சிகளை ரோட்டின் எதிர்ப்பக்கம் அடித்தேன். அங்கும் நல்ல மண்தான். வண்டி கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும், அவ்வளவே.

இன்று நான் போய்ப் பார்த்தபோது பாதிக் கரை இல்லை. முளைகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. மண்குவியலில் இறகு முளைக்காத குஞ்சுகள். கூலியாட்கள் காட்டிய இடத்தில் வெட்டினார்கள். காட்டிய கான்ட்ராக்டர் குடை பிடித்து நின்றார்.

"குருவிக்கோசரம் வண்டி சுத்திப் போவணுங்களா? அம்மா போனதுல இருந்து உங்களுக்கு மனசு செரியில்லீங்க ஓவர்சியரு. ஊருக்குப் போயி இன்னொரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு வாங்க."

இவன் துக்கத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் எந்த முளையையும் பிடுங்கலாம் போலிருக்கிறது. அந்த முளைகள் துக்கத்தில் அடித்தவை அல்ல. நீ பக்கத்தில் நிற்க, தெளிந்த புத்தியோடு அடித்தவை.

"இந்தக் குழிய நான் அளக்க மாட்டேனுங்க," என்றேன். ஓவர்சியர் அளக்காத குழி சர்க்கார் கணக்கில் வெட்டாத குழி; அதற்குப் பணம் கிடையாது. அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"பெரிய தொரைகிட்ட பேசிக்கறேன்."

"பேசுங்க."

முளைகளை மறுபடி அடித்துவிட்டேன். துரை வந்தால் என் வேலை போகலாம். மீதிக் கரைக்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெட்டிய இடத்தின் முன்னால், வளை இருந்த அதே உயரத்தில், ஒரு பஞ்சுருட்டான் சிறகடித்து நிற்கிறது. முள்செடிக்குப் போய் உட்காருகிறது. திரும்ப வருகிறது. கவ்வி வந்த தும்பியை அது இன்னும் விழுங்கவில்லை.