ஏழாவது பீக்கர்

நேற்று பெங்களூரிலிருந்து வந்த தம்பி மகள், "சின்ன ப்ரூவரி பீர் அத்தை, டேஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று ஒரு டின்னைத் திறந்தாள். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல வாசனை. உடனே நீ வந்து நின்றாய், சுண்ணாம்புக் கறை படிந்த வெள்ளைக் கோட்டோடு.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் அப்போது நாம் இரண்டே பெண்கள். தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர், தன் ஊர்ச் சிற்றாலைகளில் காய்ச்சிய பீர் என்று ஆறு டின்களை முதலாளிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதலாளி அதையெல்லாம் தொடமாட்டார். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிய சூப்பர்வைசர் பாய், பெட்டியை நம் மேசையில் வைத்தார்.

"சிங்க்ல ஊத்திடுங்கம்மா. டின்னு கூட யார் கண்ணுலயும் படக்கூடாது."

அவர் போனதும் நீ கதவைத் தாழிட்டாய். "சாம்பிள்னு வந்தா டெஸ்ட் பண்ணாம ஊத்துவாங்களாடி?"

கழிவுநீர்ப் படிவத்தில் நிறம், மணம், நுரை, வண்டல் என்று நான் எழுத, நீ ஒவ்வொரு பீக்கராக முகர்ந்து, ஒரு வாய் குடித்து, பத்துக்கு மார்க்கும் போட்டுச் சொன்னாய். முதலாவது கிறிஸ்துமஸ் கேக். இரண்டாவது, மழையில் நனைந்த கோணி. மூன்றாவது, "எங்க பாஸ்டர் ஐயாவோட பழைய பைபிள் பை." நான்காவதுக்கு, "வடிகட்டிட்டு பாலாத்துல விடலாம்." எனக்கு எல்லாமே கஷாயமாகத்தான் இருந்தது. சந்தேகம் என் பிறவிக் குணம். உன்னைக் கண்ணை மூடச் சொல்லி ஏழாவதாக ஒரு பீக்கரை நீட்டினேன்.

"குடிக்காத. மோந்து மட்டும் சொல்லு."

"ஆரஞ்சுத் தோல். பத்துக்கு எட்டு."

"பைப்புத் தண்ணிடி!" மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"எட்டு மாசமா எந்த வாசனையுமே தெரியல. மீன் கொழம்பு தீஞ்சா கூட தெரியல."

"அப்ப இவ்ளோ நேரம் சொன்னது?"

"டின்னு மேல படம் போட்டிருக்கு இல்ல. மீதி நானே அடிச்சி வுட்டது."

கழிவுத் தொட்டியில் மாதிரி எடுப்பது உன் வேலை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விஷ வாயு, ஓடிவிட வேண்டும். அங்கே வேறு எச்சரிக்கை கிடையாது.

"சொல்லிடாதடி. வேற இன்னா வேல குடுப்பாங்க? படுத்த படுக்கையா கெடக்கிறவர யாரு பாப்பாங்க?"

உன் கணவருக்காக நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தொட்டிக்கு உன்னோடு வந்தேன். முன்னால் போய் முகர்ந்து, "இல்ல. வா" என்பேன். "என் மூக்கு முன்னாடி போகுது பாரு" என்று கிண்டல் செய்தபடி நீ வருவாய்.

அடுத்த வருடம் எனக்கு வேலூர்க் கல்லூரியில் வேலை கிடைத்தது. கடைசி நாளில் கேட்டேன்: "பாய்கிட்டயாவது சொல்லட்டா?"

"போடி, நான் பாத்துக்கறேன்."

எதையும் எளிதில் நம்பாத நான், அதை மட்டும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து, தொட்டியின் ஓரத்தில் உன்னைக் கண்டெடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பாய் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்: "நாத்தம் வந்திருக்குமேம்மா, ஏன் அங்கியே நின்னாங்க?" என்னிடமும் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நேற்று ஒரு வாய் குடித்தேன். "எப்படி அத்தை?" என்றாள். "நுரை ஜாஸ்தி" என்றேன். பத்துக்கு எத்தனை என்று அவள் கேட்கவில்லை.

பூட்டிக் கிடந்த எந்த அறையைத் திறந்தாலும் இன்றும் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். இரண்டு முறை முகர்கிறேன். யாருக்கும் கேட்காமல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

"இல்ல. வா."