திருப்பி மாட்டிய கார்டு

என்னங்க,

இந்தத் தகர டப்பா இப்போது என் எதிரில், சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. போன மாதம் ஸ்கூட்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் சீட்டைத் தூக்கி, உள்ளே கிடந்த பழைய துணிக்கு அடியிலிருந்து இதை எடுத்தார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, சாரோட மாத்திரை போலருக்கு. நிறைய இருக்கு, பத்திரமா வச்சுக்கங்க" என்று நீட்டினார். திறந்தேன். பாதி டப்பா ஈயக்குண்டு. அந்த வாசனை குப்பென்று வந்தது. ஈயமும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு பிசையும்போது உங்கள் விரலிலிருந்து வருமே, அதே வாசனை. "ஈயத்தைத் தொட்ட கையை நல்லா கழுவிட்டு வந்து உக்காருங்க" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். மெக்கானிக் கடையில் நின்று அழக்கூடாது என்பதற்காக, "ஆமாப்பா, மாத்திரைதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. உங்களுக்கு பிரஷர் ஏறியபோது டாக்டர், மனசுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யுங்கள் என்றார். நடக்கச் சொன்னேன், நாய் துரத்துகிறது என்றீர்கள். யோகா என்றேன், தூக்கம் வருகிறது என்றீர்கள். கடைசியில் வல்லம் ரோட்டில் ஒரு பழைய அரிசி கோடவுனை ஏர் ரைபிள் ரேஞ்சாக மாற்றியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டீர்கள். தனியாகப் போய்ப் பழக்கமில்லாத மனுஷர், என்னையும் இழுத்துக்கொண்டு. எதிர் வீட்டு அக்கா, "ரெண்டு பேரும் துப்பாக்கி சுடவா? உங்களுக்குள்ள சண்டை வந்தா எங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்று சிரித்தார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். ஆனால் அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் என் கையிலும் ஒரு ரைபிளைக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. வட்டம் போட்ட கார்டை கிளிப்பில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், அது கம்பியிலேயே ஓடிப் பத்து மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். கிணற்று ராட்டினம் மாதிரி அதைச் சுற்றுகிற குஷியில் நான் கார்டைத் திருப்பி மாட்டிவிட்டேன். கறுப்பு வட்டம் சுவரைப் பார்த்தது. எனக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை. வட்டம் அவ்வளவு பொடிசாக இருக்கும் போல, நமக்குத்தான் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு சுட்டேன். சுட்டும் முடித்தேன். கார்டு திரும்பி வந்ததும் பின்னால் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறா பறந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

நீங்கள் பக்கத்து மேடையில் நின்றிருந்தீர்கள். உங்கள் கார்டை வரவழைத்துத் திருப்பி மாட்டி, வெள்ளைப் பக்கம் தெரிய அனுப்பினீர்கள். நிதானமாக அஞ்சு குண்டு சுட்டீர்கள். வந்த கார்டைப் பார்த்தால் ஓர் ஓரமாக ஒரே ஓட்டை, மொச்சைக்கொட்டை அளவுக்கு. முதல் நாளே உங்கள் கைக்கு அது எப்படி வாய்த்ததோ.

"இதுல எங்க சார் மார்க் போடுறது?" என்றார் மாஸ்டர்.

"மார்க் வேணாம் மாஸ்டர். நடுவுல படணும்னு இல்ல. ஒண்ணோட ஒண்ணு பக்கத்துல பட்டாப் போதும்."

சிரித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரிய ஆட்களே இப்படி வெள்ளையில் சுட்டுப் பழகுவது உண்டு என்று மாஸ்டர் பிள்ளைகளிடம் சொன்னார். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது என்று எனக்குத் தெரியும். என் வெட்கத்தில் பாதியை எடுத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தீர்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கடைசிக் கார்டை இருவரும் திருப்பி மாட்டிச் சுட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். அந்த ஒரு கார்டுக்காகவே நான் அடுத்த வாரமும் வந்தேன்.

போட்டி என்று வந்தபோதுதான் நமக்குள் ஒத்துப்போகவில்லை. ரேஞ்சில் ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் விளையாட்டுக் கோட்டாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று ஒரு போட்டி விடமாட்டாள். பட்டுக்கோட்டை தேங்காய் மண்டிக்காரர் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டுவதற்காகப் போவார். ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர் போகவே மாட்டார். "தோத்துட்டு வந்தா என் பேரனே மதிக்கமாட்டான்மா" என்பார். இவர்கள் எல்லாரையும்விட நன்றாகச் சுடுகிற நீங்கள் மட்டும் காரணமே சொல்லமாட்டீர்கள். சாக்குதான் சொல்வீர்கள். ஒரு தடவை குறுவை நடவு என்றீர்கள். நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது, யாருடைய குறுவை அது? இன்னொரு தடவை முட்டி வலி. அடுத்தது, திருச்சியில் வெயில் ஜாஸ்தியாம். தஞ்சாவூரில் என்னமோ குளுகுளுவென்று இருக்கிற மாதிரி.

"குடத்துக்குள்ள வச்ச விளக்கு யாருக்குங்க?" என்று ஒரு நாள் கோபத்தில் கேட்டேன்.

"குடத்துக்கு" என்றீர்கள். என்ன செய்வது உங்களை?

நான் முதல் போட்டிக்குத் திருச்சி போனபோது சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தீர்கள். பின்வரிசை நாற்காலியில், மற்ற பெண்களின் அம்மாக்களோடு அம்மாவாக உட்கார்ந்திருந்தீர்கள். நான் சுட்டது ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவர்கள் கொடுத்த இடத்தில் வெளிச்சம் சரியில்லை என்று ஆரம்பித்தேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலா?" என்று சிரித்துவிட்டு எலுமிச்சம் சாதத்தை நீட்டினீர்கள். மார்க் என்ன என்று கேட்கவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "சந்தோஷமா?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்புறம் போன எல்லாப் போட்டியிலும் அதே கேள்விதான். மார்க்கை நானாகச் சொன்னால் தலையாட்டுவீர்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் உள்ளூர ஒரு குறை இருந்தது.

உங்கள் காரணம் எனக்குப் புரிந்தது ரேஞ்சில் இல்லை, நீங்கள் வேலை பார்த்த நெல் கொள்முதல் நிலையத்தில். ஒரு தை மாதம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தீர்கள், நான் கொண்டுபோனேன். களமெல்லாம் தார்ப்பாய் போட்ட நெல் குவியல்கள். ஒரு குவியலின் பக்கத்தில் நீங்கள் ஈரம் பார்க்கும் மிஷினோடு குந்தியிருந்தீர்கள். குத்தகைக்குப் பயிர் வைத்த அம்மா ஒருவர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் எடுக்கக்கூடாது. நீங்கள் குவியலின் இந்தப் பக்கம் ஒரு பிடி, அந்தப் பக்கம் ஒரு பிடி என்று அள்ளி அள்ளிப் போட்டுப் பார்த்தீர்கள். எண் இறங்கவில்லை.

"இன்னும் ஒரு வெயில் காயணும்மா. நாளைக்கு வானம் வெளுத்துரும், புரட்டிவிட்டு வைங்க. உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

"ரெண்டு நாளாப் புரட்டிக்கிட்டேதான்யா இருக்கேன். அந்தப் பொட்டிக்கு என்னய்யா தெரியும், நான் பட்ட பாடு?"

அன்றைக்குக் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டியில் வரும்போது, வழக்கம்போல நான் ஓட்ட நீங்கள் பின்னால். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் நான் கேட்காமலே நீங்களாகச் சொன்னீர்கள்: "நாள் பூரா அடுத்தவங்க உழைப்பை அளந்து தேறும் தேறாதுன்னு சொல்லிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது என்னை யாரும் அளக்க வேணாம், நானும் யாரையும் அளக்க வேணாம். அதுக்குத்தான் அந்த வெள்ளைக் கார்டு."

என் வாய் சும்மா இருக்குமா? வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிச் சொன்னேன்: "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா என்னை யாருமே அளந்ததில்லயே. பிளஸ் டூவோட கல்யாணம். அதுக்கப்புறம் எனக்கு மார்க்குன்னு யாரு போட்டா? குழம்புல உப்பு கம்மின்னா மட்டும்தான் இந்த வீட்டுல வாய் திறக்குது. கம்மியோ ஜாஸ்தியோ, என் பேருக்கு நேரா ஒரு எண்ணை எழுதுறாங்க பாருங்க, எனக்கு அது வேணும்."

ரோட்டோரம் நின்றபடி நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தீர்கள். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றீர்கள். எனக்கே அப்போதுதானே தெரிந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது வாக்குக் கொடுத்தீர்கள். "ரிட்டயர் ஆகட்டும். அப்புறம் நான் யாரையும் அளக்கப்போறதில்ல. உன் பக்கத்துல வந்து நிக்கிறேன், என்னையும் அளந்துட்டுப் போகட்டும்." அன்றைக்கு ராத்திரி உங்களுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னீர்கள்.

ரிட்டயர் ஆனீர்கள். மாலை, சால்வை எல்லாம் போட்டு அனுப்பினார்கள். அடுத்த போட்டிக்கு மாஸ்டரிடம் நம் இருவர் பெயரையும் கொடுத்து, பக்கத்துப் பக்கத்து இடமாகப் போடச் சொல்லியிருந்தோம். அதற்குள் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தீர்கள், உள்ளே கொண்டுபோகும்போது விட்டீர்கள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

ரேஞ்சுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பெட்டியோடு இரண்டு ரைபிளையும் பரணில் ஏற்றியாயிற்று. போன மாதம் மாஸ்டர் போன் செய்தார். இந்தத் தடவை போட்டி நம் ரேஞ்சிலேயே நடக்கிறது, "அக்கா, உங்க பேரைப் போடவா?" என்றார். வேண்டாம் தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் நிற்பதாகச் சொன்ன இடத்தில் வேறு யாரோ நிற்பதை நான் எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்? மகள் சிங்கப்பூரிலிருந்து கெஞ்சியும் பார்த்தாள். அசையவில்லை. அப்புறம்தான் ஸ்கூட்டி சீட்டுக்கடியிலிருந்து இந்த டப்பா வந்தது. மெக்கானிக் கடை வாசலில் நின்றே மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

இன்று காலை போட்டி. உங்கள் ரைபிளைத்தான் எடுத்துப் போனேன். என்னுடையதைவிட கனம், தோள் இன்னும் வலிக்கிறது. பக்கத்து இடத்தில் அந்தக் கல்லூரிப் பெண் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அன்றைக்குச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. போட்டி தொடங்கும் முன், கணக்கில் சேராமல் சுட்டுப் பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுப்பார்களே, அதற்கான கார்டை எடுத்தேன். திருப்பி மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றினேன்.

நடுவராக வந்த வெளியூர்க்காரர் பின்னாலிருந்து குனிந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, கார்டைத் திருப்பி மாட்டிட்டீங்க."

"தெரியுங்க சார். இது கணக்குல சேராததுதானே?"

அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு நகர்ந்துபோனார். உங்கள் டப்பாவிலிருந்து அஞ்சு குண்டு. எதிரே வெறும் வெள்ளை. எங்கே குறிவைப்பது என்ற கவலையே இல்லை, முதல் குண்டு எங்கே போனதோ அதன் பக்கத்துக்கு அடுத்தது போனால் சரி. கார்டை வரவழைத்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் படவில்லை. இடது ஓரத்தில் அஞ்சும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உங்கள் மொச்சைக்கொட்டை அளவுக்கு இல்லை. ஒரு நெல்லிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்புறம் சரியான பக்கமாகக் கார்டை மாட்டிப் போட்டியைச் சுட்டேன். எனக்கு இதுவரை வந்ததிலேயே கூடுதலான மார்க். பரிசு வாங்குகிற அளவு இல்லை, ஆனால் என் பேருக்கு நேராகப் பலகையில் எழுதினார்கள். வெளியே வந்ததும் மாஸ்டர் மார்க் கேட்டார். தேங்காய் மண்டிக்காரர் கேட்டார். மகள் வீடியோவில் வந்து அதைத்தான் முதலில் கேட்டாள். எதிர் வீட்டு அக்கா கேட் திறக்கும் சத்தம் கேட்டே ஓடிவந்து கேட்டார்கள். எல்லாருக்கும் சொன்னேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

அந்த வெள்ளைக் கார்டை மடித்து இந்த டப்பாவில், மிச்சக் குண்டுகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். நாளைக்கு மறுபடி ஸ்கூட்டி சீட்டுக்கடியில் போய்விடும். நான் போகிற இடத்துக்கெல்லாம் பின்னால் உட்கார்ந்து வரட்டும்.

ரேஞ்சிலிருந்து திரும்பும்போது வாய்க்கால் பாலத்துக்கு அப்புறம், அன்றைக்கு நிறுத்திய இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டினேன். அதுவரைக்கும் கேட்டவர்கள் எல்லாரும் மார்க்கைத்தான் கேட்டிருந்தார்கள். நீங்கள் கேட்பதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் நானே, பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமல், சத்தமாகச் சொன்னேன்.

"சந்தோஷந்தாங்க."