அப்பாவ கண்ட்ரோலா வெச்சுக்கலாம்

ஜூன் 3, செவ்வாய்

குளித்துக்கொண்டிருந்தபோது மகள் போனில் பேசியது காதில் விழுந்தது: "எங்க அப்பாவ கண்ட்ரோலா வெச்சுக்கலாம். ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

சோப்பு நழுவிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அம்மாவின் கண்ட்ரோலில்தான் இருக்கிறேன். இப்போது கூட்டணி ஆட்சியா? இனி இரண்டு பேர் மேலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

சோற்றைப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, கொஞ்சம் ரத்தம் குடுங்க."

அவளுடைய ஆய்வகத்தில் புகை பிடிக்கிறவர்கள் ரத்தத்தையும் விட்டுவிட்டவர்கள் ரத்தத்தையும் ஒப்பிடுகிறார்கள். விட்டவர்களுக்குப் பெயர்தான் கண்ட்ரோலாம். நான் என்னென்னவோ நினைத்துத் தொலைத்தேன்.

"நீங்கதான் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே?"

"ஆச்சு" என்றேன். அடுப்படியில் மனைவி இருமினாள். சும்மா வந்த இருமல் இல்லை அது.

ஜூன் 12, வியாழன்

கொடியில் கிடந்த என் சட்டையை மகள் முகர்ந்து பார்த்தாள். பையைத் தடவினாள். கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

"என்னம்மா தேடுற?"

"உண்மைய சொல்லுங்கப்பா. மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார வைத்து விளக்கினாள். "செல்லுக்குள்ள ரெண்டு புரதம் இருக்கு. ஒருத்தன் இன்னொருத்தன பிடிச்சுப் பிடிச்சு ஒழிச்சுக்கட்டிக்கிட்டே இருப்பான். புகை மாதிரி அரிக்கிற விஷயம் உள்ள வந்தா, பிடிச்சவன் கை தளர்ந்துடும். தப்பிச்சவன் நேரா செல்லோட நடு அறைக்கு ஓடி, காப்பாத்துற ஜீன்களையெல்லாம் முடுக்கி விடுவான்."

"காப்பாத்த வர்றவனையே தினம் ஒழிச்சுக்கட்டுறானா? எங்க மேனேஜர் மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. "போன வாரம் எடுத்த உங்க ரத்தத்துல அந்த ஜீனெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கு. இழுக்கிறவங்களுக்கு இருக்கிற அளவு. எதனால முழிச்சுதுன்னு அது சொல்லாது. ஆனா..."

அந்த 'ஆனா'தான் குத்தியது. நான் இழுக்கவே இல்லை! என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

"ஏற்கெனவே சொட்டை. இன்னும் எத்தனை சத்தியத்த தாங்கும்?" என்றாள் மனைவி.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்த ரத்தமே என்னை நம்பவில்லை. உடம்பில் ஓடுவதும் சரி, நான் பெற்றதும் சரி.

ஜூன் 16, திங்கள்

பெயர் கெட்டதுதான் கெட்டது, நிஜமாகவே ஒன்று இழுத்தால்தான் என்ன? கார் எடுக்க வந்த டிரைவரிடம் ஒரு சிகரெட் கேட்டு வாங்கினேன். என் வேலை அடித்தளத்துக் கார் நிறுத்தத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு கிழிப்பது. தலைக்கு மேலே புகையை வெளியே தள்ளுகிற விசிறி.

தீக்குச்சியைக் கிழித்தேன். சுடர் விசிறிப் பக்கம் போகாமல் என் மூக்குப் பக்கம் சாய்ந்தது. இன்னொன்று கிழித்தேன். அதுவும்.

போன மாதம் ரிப்பேருக்கு வந்தவன் விசிறியை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அத்தனை வண்டிப் புகையும் என் மேல்தான். 'ஜிலுஜிலுன்னு காத்து வருதே' என்று அன்றைக்கு அவனுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன் — என்னைச் சொல்ல வேண்டும்.

சிகரெட்டைப் பற்ற வைக்கவில்லை. எழுதும்போது எனக்கே நம்பும்படியாக இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். மகள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"தீக்குச்சி எதுக்குப்பா கிழிச்சீங்க?"

செத்தேன்.

ஜூன் 18, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் கூண்டுக்கு வந்து நின்றாள். சோதனை! மெல்லிய காகிதத் துண்டை விசிறிக்கு எதிரே பிடித்தாள். அது அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் குறையும் வரை என் முக்காலியில் உட்கார்ந்து இருமினாள்.

"இதுக்குள்ளயாப்பா நாள் முழுக்க இருக்கீங்க?"

கண்ணில் தண்ணீர். புகையாலா என்று நான் கேட்கவில்லை. அப்புறம் மேனேஜரிடம் போனாள். அவர் குரல் கீழே வரை கேட்கவே இல்லை. அவள் குரல் மட்டும்தான்.

ஜூலை 20, ஞாயிறு

விசிறி இப்போது ஒழுங்காக வெளியே தள்ளுகிறது. போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்த மகள் இன்று முடிவைச் சொன்னாள்.

"நல்லா இறங்கியிருக்குப்பா. ஆனா உங்கள கண்ட்ரோல்ல சேர்க்க முடியாது. வண்டிப் புகை குடிச்சவராச்சே, பேர எடுத்துட்டேன்."

"அப்ப நான் யார் கண்ட்ரோல்லயும் இல்ல?"

"குப்பைய கொட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி. கொட்டிவிட்டு வந்தேன்.

மகள் கொடியிலிருந்து என் சட்டையை எடுத்தாள். பழக்கதோஷம், கதவோரம் ஒளிந்து நின்று பார்த்தேன். உதறி, மடித்து, அலமாரியில் வைத்தாள். முகரவில்லை.