காடில் சகோதரிகளின் பாட்டு

டவ் கிரீக், கென்டக்கி
4 பிப்ரவரி 1971

அன்புள்ள ரோவினா அக்கா,

நாஷ்வில்லில் உனக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா? "கிட்டார் வாசிக்கிற விரலுக்குப் பேனா கசக்குதாக்கும்" என்கிறார் அப்பா.

நீ போனபின் சனிக்கிழமைகளில் நான்தான் அவருக்கு ஞானப்பாட்டுகளைப் படித்துக் காட்டுகிறேன். இரண்டு முறை கேட்டால் மனப்பாடம். ஞாயிறன்று சபைக்கு முன்னால் புத்தகத்தை விரித்துப் பிடித்து வரி வரியாக எடுத்துக் கொடுக்கிறார். எல்லோரும் பின்பாட்டுப் பாடுகிறார்கள். போன வாரம் புத்தகம் தலைகீழ்! நான் இருமினேன். மெல்லத் திருப்பிக்கொண்டார். வழியில், "நல்ல இருமல்டி, ஃபெர்ன்" என்று சிரித்தார். அவருக்கு எழுத்து தெரியாது என்பது ஊருக்குத் தெரியாமல் நம் இருவருக்குள் இருப்பதால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் தங்கை,
ஃபெர்ன்

நாஷ்வில்
15 மே 1971

என் செல்லக்குட்டி,

இத்தனை வருடம் மதுக்கடைகளில் பாடியும் என் பாட்டு எதையும் யாரும் தொடவில்லை. "பாட்டுல உண்மை இல்லையேம்மா" என்பார்கள். இப்போது ஒன்று இசைத்தட்டாகிவிட்டது! தலைகீழ்ப் புத்தகம் பற்றியது. நீ எழுதிய வரிகள் அப்படியே வருகின்றன. ஒரு வரி கொடுத்தவர் பெயரையும் பாட்டை எழுதியவராகச் சேர்ப்பது இங்கே முறை. உன் பெயரையும் போட்டுவிட்டேன். அப்பா பெயர் எங்கும் இல்லை, பயப்படாதே. வெள்ளிக்கிழமை மாலை வானொலி கேளுங்கள்.

முத்தங்களுடன்,
ரோவினா

டவ் கிரீக்
24 மே 1971

ரோவினாவுக்கு,

கேட்டோம். "எழுதினது யாரு தெரியுமா? டவ் கிரீக் காடில் வீட்டு அக்கா தங்கச்சி, ரோவினாவும் ஃபெர்னும்!" என்றார் அறிவிப்பாளர். டவ் கிரீக்கில் அந்த இருவருக்கு எத்தனை அப்பா? அப்பா வானொலியை அணைக்கவில்லை. கடைசிவரை கேட்டார்.

சனிக்கிழமை புத்தகத்துடன் காத்திருந்தேன். வரவில்லை. ஞாயிறன்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "முன்னால வாங்க, கார்பெட். புத்தகம் எப்படி இருந்தா என்ன, குரல் இருக்கே" என்று சபை மூப்பர் அப்பாவை அன்பாகத்தான் கூப்பிட்டார். யாரோ சிரித்தார்கள். அப்பா எழுந்து வந்து புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

"நீயே படிம்மா. எல்லாத்தையும் ஊருக்குப் படிச்சுக்காட்டத் தெரிஞ்சவதானே நீ."

நான் உனக்குத்தான் எழுதினேன், அக்கா. ஊருக்கு எழுதவில்லை.

இந்தக் கடிதத்திலும் பாட்டுக்கு ஆகிற வரி இருந்தால் எடுத்துக்கொள். என் பெயரைப் போடாதே.

ஃபெர்ன் காடில்